பத்துப் பேர் டிக்கட்

போன கிழமை கலகெதர பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு கிழவர் சுருட்டுப் பற்ற வைத்தார். கண்டக்டர் வந்து ஏசினான். ஜன்னலால் எறியச் சொன்னான். கிழவர் எறியவில்லை. நுனியை நசுக்கி அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். நான் சுருட்டுக் குடிக்கிறவன் இல்லை. ஆனாலும் அந்த மணத்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். இரண்டு மைல் திரும்பி நடந்தேன். நடக்கும்போது நினைத்ததைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பேச்சும் குறைவு, எழுத்தும் குறைவு. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்தது. நீங்கள் நம்முடைய ஆள் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

அது யாழ்ப்பாணச் சுருட்டு. கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய தெரு ஒன்றில் முருகேசர் சுருட்டுக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பனையோலை விசிறி. அவர் கடைக்கும் ஹமீது நானாவின் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நானா என்பார்கள். நான் நானாவின் கடையில் காஜா எடுக்கிற வேலை செய்தேன். அதாவது, சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டிச் சுற்றித் தைக்கிற வேலை. முப்பதுகளில் தேயிலை விலை விழுந்தது. புசல்லாவையில் எங்கள் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அப்படிக் கண்டிக்கு வந்தவன் நான்.

பலகைச் சுவரில் இடைவெளிகள் இருந்தன. அதனால் நாங்கள் தைத்த உடுப்பெல்லாம் சுருட்டு மணந்தது. ஒரு துரை வந்து புதுக் கோட்டை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் விளங்கும். நானா அசையவில்லை.

“மருந்து போட்டிரிக்கி துரை. பூச்சி அரிக்காது” என்றார்.

துரை இன்னும் இரண்டு கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இடைவெளியால் மணம் மட்டும் வரவில்லை. பேச்சும் வரும். இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து முருகேசர் மருந்து சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோவிலுக்குப் போவேன். டவுனுக்கு மேலே மேட்டில் ஒரு சின்னத் தமிழ் வேதக் கோவில். தகரக் கூரை. மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது, உபதேசியார் நிறுத்திவிடுவார். ஆகையால் மழைக்கு எங்கள் சபையில் நல்ல பெயர் இருந்தது. உபதேசியாரும் யாழ்ப்பாணத்தவர். பாதிரியார் மாதம் ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான். உண்மை என்றால் அப்படி ஒரு உண்மை. பஸ் கண்டக்டர் ஒரு சதம் கூடக் கொடுத்துவிட்டான் என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய மனிதர். பஸ் நிற்கவில்லை. அந்தச் சதத்தை அடுத்த நாள் அதே பஸ்ஸுக்குக் காத்திருந்து கொடுத்தார். காத்திருந்ததில் அவருக்கு அரை நாள் போனது.

இனி ரூத் அக்கா. ஒரு டாக்டர் வீட்டில் ஆயா வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள் எஸ்தர். பத்து வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் நடத்துகிற பெண்பிள்ளைகள் போர்டிங் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பும் சாப்பாடும் சும்மா. கோச்சிக் காசு, அதாவது ரயில் காசு மட்டும் சும்மா இல்லை. அதனால் லீவுக்கு மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக, எஸ்தர் அங்கேயே இருந்துவிடுவாள். நாலு வருஷம் தாயும் மகளும் கண்ணால் பார்க்கவில்லை.

அக்காவுக்கு எழுத வராது. சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வருவார். நான் எழுத வேண்டும். அவர் அரை மணி நேரம் சொல்வார். டாக்டரின் பிள்ளைக்குப் பல் வந்தது, ஆற்றில் தண்ணீர் ஏறியது, கனவில் எஸ்தர் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றது. நான் எழுதுவது: அம்மா சுகம். நீ சுகமா? நன்றாகப் படி.

“அம்புட்டுத்தானாடா?” என்பார்.

“எல்லாம் அதுக்குள்ள இருக்கு அக்கா.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நம்பிவிட்டுப் போவார். அந்தப் பாவத்துக்கு எனக்குப் பின்னால் தண்டனை கிடைத்தது. அந்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் உபதேசியார் கோவிலில் ஒரு சுற்றறிக்கை வாசித்தார். யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் கிறிஸ்தவ மகாநாடு. சபைகள் பேராளரை அனுப்பலாம். பேராளர் என்றால் சபைக்காகப் போய் உட்காருகிறவர்கள். படுக்க இடம் தருவார்கள், பாயும் பிளேட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். நடக்கிற இடம், எஸ்தர் படிக்கிற அந்தப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். லீவு நாள் என்பதால் வகுப்பறைகள் சும்மா கிடந்தன.

ரூத் அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்தபடியே, “ஐயா, அந்தப் பள்ளிக்கூடத்துப் பேர இன்னொருக்கா படிங்க” என்றார். உபதேசியார் படித்தார். அக்கா அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

சுற்றறிக்கையை உபதேசியார் என்னிடம் கொடுத்து வைத்தார். பேசாத ஆள் பத்திரமாக வைப்பான் என்று அவருக்கு ஒரு எண்ணம். நான் அன்று இரவு எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தேன். கடைசி வரி மட்டும். இல்லை, அதையும் பிறகு சொல்கிறேன்.

காசு சேர்க்க ஏலம் வைத்தோம். எங்கள் கோவில் ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பொருளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். எங்களிடம் இருந்த பெரிய பொருள் ஒரு பூசணிக்காய். அது நாலு முறை விலைபோனது. ஐந்தாம் முறை உபதேசியார் அதைத் தூக்கிக் காட்டியபோது வாசலில் ஒரு குரல்.

“ரெண்டு ரூவா!”

ஹமீது நானா. மேட்டுப் பாதையால் போனவர், ஏலம் கேட்கிற சத்தத்துக்கு உள்ளே வந்துவிட்டார். இரண்டு ரூபாய்க்கு அந்தக் காலத்தில் பூசணித் தோட்டமே வாங்கலாம். அவருக்குக் காய் தேவையில்லை. ஏலத்தில் இன்னொருவன் முந்தக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானா காசை வைத்தார். பூசணிக்காயைத் தோளில் வைத்தார். நடந்தார்.

சபை வாயைத் திறந்தபடி பார்த்தது. ரூத் அக்கா என் முதுகில் இடித்தார்.

“ஒங்க மொதலாளிதானடா? போய்ச் சொல்லுடா!”

நான் சொல்லியிருக்கலாம். காசு கொடுத்தவனிடம் பொருளைத் திரும்பக் கேட்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நானா மேட்டை இறங்கிவிட்டார். ஏலமும் முடிந்தது.

சேர்ந்த காசு நாலு பேருக்குப் போதும். நாலு பேர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். உபதேசியார், பிறகு கூட்டக் குறிப்பு எழுதத் தெரிந்த மூன்று பேர். ஆயாவை யார் அனுப்புவார்கள்? ஆனால் சுற்றறிக்கையில் இன்னொன்று இருந்தது. பத்துப் பேர் ஒன்றாகப் போனால் ரயிலில் பாதிக் கட்டணம். பாதி என்றால் அதே காசில் எட்டுப் பேர் போகலாம். போக ஆசைப்பட்டவர்களும் சரியாக எட்டுப் பேர். உபதேசியார், ரூத் அக்கா, நான், இன்னும் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் நல்ல மனிதர்கள், ஆனால் இந்தக் கதையில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. பத்துக்கு இரண்டு தலை குறைந்தது. சொந்தக் காசில் வர இரண்டு தலை கிடைக்காவிட்டால் அக்கா இல்லை.

அடுத்த நாள் காலை நானா கடைக்கு வந்தார். முகம் நல்ல தெளிவு.

“நல்ல பூசணி மகன். எங்கட ஊட்ல ராவும் காலமயும் அதான் கறி. எதுக்கு அந்தக் காசு சேக்கிற நீங்க?”

ஏலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த குற்றம் மனதில் குத்தியது. அதனால் அன்று முழுவதையும் சொன்னேன். எஸ்தர் கதையையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசியதை நானா அதற்கு முன் கேட்டதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“யாழ்ப்பாணமா? எங்கட ராத்தாட மகளுக்கு அங்க கலியாணம். நானும் போகத்தான் ஈக்கிறேன். என்னயும் ஒரு தலையாப் போடு.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல்.

“இன்னும் எத்தினை பேர் குறையுது காணும்?”

“ஒரு ஆளுங்க” என்றேன்.

“அப்ப என்னையும் எழுதும். அரை விலையிலை ஊருக்குப் போறதெண்டால் நான் எந்த மகாநாட்டுக்கும் வருவன்.”

உபதேசியார் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒருத்தர் இஸ்லாம். மற்றவர் விபூதி. அவையளைப் பேராளர் எண்டு எழுதிறதோ? கர்த்தரின்ரை காரியத்துக்குப் பொய் டிக்கட்டிலை போறதோ?”

ரூத் அக்கா முன்னால் வந்தார். “ஐயா, அந்தத் தாள்ல கிறிஸ்தவங்க பத்து பேருன்னா போட்டிருக்கு?”

என்னிடம் தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். உபதேசியார் வாசித்தார். மகாநாட்டில் கலந்துகொள்ளும் பத்துப் பேர் என்றுதான் இருந்தது.

“அப்ப அவுங்களும் வந்து கலந்துக்கிட்டா பொய்யில்லதானே?”

உபதேசியார் அந்த வரியின் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அவரே கடைக்கு வந்தார். கல்யாணம் இரண்டாம் நாள் பின்னேரம், அதற்குப் போகலாம். மற்ற நேரமெல்லாம் பந்தலுக்குள் இருக்க வேண்டும். சம்மதமா என்று இருவரையும் கேட்டார்.

“இரிக்கிறதுக்கு என்ன ஐயா? டைலர்ட தொழிலே இரிக்கிறதுதானே” என்றார் நானா.

முருகேசர் விசிறியை நிறுத்தினார். “சாப்பாடு சைவமோ?”

“சைவப் பந்தியும் இருக்கு.”

“அப்ப ஓம். ஆனா ஞானஸ்நானம் எண்டு தண்ணிச் செம்போடை ஒருத்தரும் எனக்குக் கிட்ட வரப்படாது.”

புறப்படுவதற்கு முன் நானா எஸ்தருக்கு ஒரு கவுன் தைத்தார். கூலி வாங்கவில்லை. ரூத் அக்கா தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்து, “இம்புட்டு ஒசரம்” என்று அளவு சொன்னார். அது நாலு வருஷத்துக்கு முந்திய உயரம். நானா கணக்குப் போட்டு நீளம் கூட்டி வெட்டினார். கீழே ஆறு அங்குலம் உள்மடிப்பும் வைத்தார். வளர்ந்தால் பிரிக்கலாம் என்றார்.

காலைக் கோச்சி. கார்ட் வந்து தலைகளை எண்ணினார். எட்டு வரை சரியாக எண்ணினார். ஒன்பதில் திருநீறு, பத்தில் துருக்கித் தொப்பி. மகாநாட்டுக் கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். உபதேசியாருக்கு நெற்றி வேர்த்தது. கார்ட் பத்து என்று எழுதிவிட்டுப் போனார்.

கடுகண்ணாவைச் சுரங்கம் தாண்டினதும் நானா இறைச்சி மணக்கிற சாப்பாட்டுக் கட்டை அவிழ்த்தார். முருகேசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரூத் அக்கா கவுன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் தின்னவில்லை. பொல்காவலையில் இறங்கி வடக்குக் கோச்சி ஏறினோம். அப்போதுதான் உபதேசியார் எங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொன்னார்.

“முதல் நாள் காலமை பேர் கூப்பிடுவினம். கூப்பிட்ட உடனை எழும்பி ஆளுக்கொரு வேத வசனம் பாடமாய்ச் சொல்ல வேணும். எல்லாருக்கும் ஒவ்வொண்டு தெரியும்தானே?”

எல்லோரும் தலையை ஆட்டினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வசனம் தெரியும். வேதத்திலேயே ஆகச் சின்னது. ஆண்டவர் கண்ணீர் விட்டார் என்று சொல்கிற மூன்று சொல் வசனம். அது போதும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆனையிறவில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் கடல் தண்ணீர் வந்தபோது விழித்தேன். “இது ஒடயாதா?” என்று நானா கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெரிய வளவு, நடுவில் கிணறு, பக்கத்தில் ஓலைப் பந்தல். சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வரிசையில் நின்றோம். லீவுக்கு வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் நாலைந்து பேர் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரூத் அக்கா எனக்கு முன்னால். அக்காவின் கண் அந்த வளவு முழுவதும் ஒரு சின்னப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது.

“கையை நீட்டுங்கோ” என்றாள் தண்ணீர் ஊற்றிய பெண். அக்காவை விட ஒரு சாண் உயரம். அக்கா கையை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழுந்தது. நிற்கவில்லை. செம்பு முடிந்தது.

“அம்மா, நான்தான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப வந்தனீங்கள்? ஏன் கடிதத்திலை எழுதேல்லை?”

“என்னடி இப்பிடிப் பேசற?” என்றார் அக்கா. “எம் மகதானா நீ? யாரோ கவருமெண்டுக் கச்சேரி உத்தியோகத்தரூட்டுப் பொண்ணு மாதிரி பேசற?”

“நான் என்ன செய்யிறது அம்மா. இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கிறவை.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நாலு வருஷம் அவர் பயந்தது இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் படித்துப் பெரிய ஆளாகட்டும், ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடக் கூடாது. கவுன் பொட்டலத்தைக் கொடுத்தார். எஸ்தர் அங்கேயே பிரித்து மேலே வைத்துப் பார்த்தாள். ஆறு அங்குலத்தையும் பிரித்தாலும் முழங்காலை எட்டாது. ஹமீது நானா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவர் அளவு தவறியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

“நீங்களோ அம்மாவுக்குக் கடிதம் எழுதிறவர்?”

“ஆமா.”

“நாலு வருஷமா ஒரே கடிதத்தைத்தான் எழுதிறீங்கள். நான் அதைப் பாடமாக்கிப்போட்டன். அம்மாவுக்கு என்னோடை கதைக்க ஒண்டும் இல்லையோ எண்டு அழுதிருக்கிறன்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “எல்லாம் அதுக்குள்ள இருக்குன்னியேடா, படுபாவி!”

அன்று பந்தியில் நான் சைவ வரிசையில் முருகேசருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா இருந்தது மற்ற வரிசையில்.

அடுத்த நாள் காலை பந்தலில் பேர் கூப்பிட்டார்கள். ஊர் ஊராக. மற்ற ஊர்க்காரர் நீளமாகச் சொன்னார்கள். கண்டி வந்தது. முதல் பேர் என்னுடையது. எழும்பினேன். மூன்று சொல்லையும் சொன்னேன். உட்கார்ந்தேன். அடுத்தது ரூத் அக்கா. அவரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் எழும்பி என்னை முறைத்தான். அவனிடமும் அதுதான் இருந்தது. நாலாவது ஆள் சொன்னபோது பின்னால் சிரிப்புக் கேட்டது. ஐந்தாவது ஆளுக்குப் பந்தலில் பாதி சேர்ந்து சொல்லிக் கொடுத்தது. ஏழாவது ஆளை அவர்களே முந்திவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை.

எட்டாவது உபதேசியார். அவர் நீளமான வசனம் ஒன்றை ஒரு மாதமாகத் தயார் பண்ணியிருந்தார். எழும்பினார். வாயைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். என்ன நடந்ததோ, அவருக்கும் அந்த மூன்று சொல்தான் வந்தது. சொல்லிவிட்டு உண்மையாகவே கண்ணைத் துடைத்தார்.

“கண்டி, முருகேசு.”

பந்தல் அந்தத் திருநீற்றைப் பார்த்து அடங்கியது. முருகேசர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். ஒரு சங்கீதத்தைத் தொடங்கினார். முழுச் சங்கீதம். ஒரு சொல் தட்டவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, ஐந்து நிமிஷம் சொன்னார். உபதேசியார் ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் முருகேசர் எங்கள் பக்கம் குனிந்தார். “என்ன பாக்கிறியள்? நான் பாதிரி பள்ளிக்கூடத்திலை எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான். பாடமாக்காட்டிப் பிரம்படி. அடி மறந்தாலும் சங்கீதம் மறக்காது.”

“கண்டி, ஹமீது.”

நானா தொப்பியைத் தொட்டுக்கொண்டு நின்றார். “எனக்கு வசனம் பாடமில்ல ஐயா. பொய் சொல்லப் படாது. நான் டைலர். வசனத்துக்குப் பதிலா ஒண்டு செய்றேன். இங்க ஆருக்காவது பட்டன் அறுந்திருந்தா தச்சித் தாறேன்.” சட்டைப் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக் காட்டினார். “மொதல்ல மேடையில இரிக்கிற பெரியவருக்கு. கழுத்துப் பட்டன் இல்ல. நேத்துலருந்து கண்ணுல குத்துது.”

தலைமை வகித்த போதகர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பந்தல் முழுவதும் சிரித்தது, அவரும் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் நானாவுக்கு முன்னால் வரிசை நின்றது. பட்டன் எல்லாம் கண்டிக் கணக்கில் தைக்கப்பட்டது. காஜா பிய்ந்ததை எல்லாம் எனக்குத் தள்ளினார்.

மூன்றாம் நாள் முடிந்தது. பாயைச் சுருட்டினோம். முருகேசர் ஒரு பையோடு வந்தார்.

“அப்ப நான் ஊருக்குப் போட்டு வாறன். ஒரு மாசத்தாலை கண்டியிலை காணுவம்.”

அப்போதுதான் எனக்குச் சுற்றறிக்கையின் கடைசி வரி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய். அது எப்போதும் ஞாபகம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தாளை எடுத்து உபதேசியாரிடம் நீட்டி விரலை வைத்தேன். போகும்போது போலவே திரும்பும்போதும் பத்துப் பேரும் ஒன்றாகவே வர வேண்டும். குறைந்தால் எல்லோரும் முழுக் கட்டணம்.

உபதேசியார் இரண்டு முறை வாசித்தார். “இதை நீர் எப்ப பாத்தனீர்?”

“தந்த அன்னைக்கே.”

அவர் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காதான் ஏசினார். “வாய வச்சிக்கிட்டு என்னாடா பண்ற நீ? சோறு திங்க மட்டுமா?”

முருகேசருக்கும் முகம் கறுத்தது. “நான் வரேலாது காணும். நாளையண்டைக்கு என்ரை தாயின்ரை திவசம். அதுக்குத்தானே வந்தனான்.”

தாயின் திவசத்தை விட்டு வா என்று யார் சொல்வது? உபதேசியார்கூடச் சொல்லவில்லை. ஒன்பது தலை. கையில் மிஞ்சியிருந்த காசில் எல்லோரும் சேர்ந்து அநுராதபுரம் வரைகூடப் போக முடியாது. கோச்சிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஐந்து நல்ல மனிதர்களும் பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

எஸ்தர் அந்தப் பக்கம் பெரிய சோற்றுக் கிடாரம் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாயைப் பார்க்கவில்லை. தாய் போகிற நேரம் நெருங்க நெருங்க அவள் தேய்ப்பது கூடியது. ரூத் அக்கா அந்தக் கிடாரத்தைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார்.

“ஐயா, மகாநாட்டுல கலந்துக்கிட்ட ஆளுன்னாப் போதும்தானே?”

“ஓம், அதுக்கென்ன?”

“மூணு நாளும் இங்கயே நின்னது யாரு? விடியக்காலம் தண்ணி அள்ளுனது யாரு? நீங்கெல்லாம் பந்தல்ல தூங்குனீங்க. எம் பொண்ணு தூங்கல.”

உபதேசியார் விளங்கிக்கொள்ள நேரம் எடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே மகாநாட்டுச் செயலாளரிடம் போனார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாராம். முருகேசரின் திவசம், என் வாய், கிடாரம், எல்லாம். செயலாளர் பட்டியலில் ஒரு பேரை வெட்டி மேலே எஸ்தர் என்று எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை நடத்துகிற அம்மாவும் லீவு முடிய மூன்று வாரம் இருக்கிறது, போய் வரட்டும் என்றார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை திரும்பி வாறதுக்குக் காசு?”

ஹமீது நானா தொண்டையைச் செருமினார்.

“அதுக்கென்ன அம்மா. ஒரு பூசணிக்கா கெடச்சாப் போதும்.”

எஸ்தர் சாம்பல் கையோடு ஓடினாள். குட்டைக் கவுனோடு வந்தாள். ஸ்டேஷனில் கார்ட் எண்ணினார். பத்து. முருகேசர் வழியனுப்ப வந்து பிளாட்பாரத்தில் நின்றார். “என்ரை சீற்றிலை பொடிச்சி நல்லா இருக்கிறாளோ?” என்று ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அவர் முழு டிக்கட் எடுத்துத்தான் கண்டிக்கு வந்தார். அந்த மிச்சப் பாதியை அவர் சாகும் வரை எங்களிடம் சொல்லிக் காட்டினார். ஆனால் வரும்போது எஸ்தருக்கென்று ஓலைக் குட்டான் ஒன்றில் பனங்கட்டி வெல்லம் கொண்டுவந்திருந்தார். அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். நாங்கள் தின்றோம்.

அவள் திரும்பிப் போகவும் ஏலம் வைத்தோம். நானா வந்தார். இந்த முறை நான் முன்கூட்டியே வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். நானா பூசணியை எடுத்தார், காசு கொடுத்தார், மேசையில் திரும்ப வைத்தார். அடுத்த ஏலத்தில் தன் பூசணியைத் தானே மறுபடி கேட்டார். வேறு யாரையும் கேட்க விடவில்லை. மூன்று முறை எடுத்தார். டிக்கட்டுக்கு வேண்டியது வந்துவிட்டது.

அந்த மூன்று கிழமையில் தாய் மகளைத் திருத்தப் பார்த்தார். மகள் தாயைத் திருத்தப் பார்த்தாள். கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். “ஓம்னு சொல்லாதடி, ஆமான்னு சொல்லு.” “ஓம் அம்மா, சொல்லுறன்.” சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசரின் கடையைப் பார்த்துக்கொண்ட பையன் சிரிப்பான். கடைசியில் இரண்டும் கலந்துவிட்டது. எஸ்தர் ஒரே வாக்கியத்தில் ஓம் என்றும் வாங்க என்றும் பேசத் தொடங்கினாள். தாய்க்கு அது போதுமாக இருந்தது.

அவள் படித்து முடித்துப் புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்தாள். ரூத் அக்கா ஆயா வேலையை விட்டு அவளோடு போய் இருந்தார். அங்கேதான் கண்ணை மூடினார். மகளின் பேச்சு பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள், “ஓமுங்க டீச்சர், வாறோமுங்க” என்பார்கள். ஒரு முறை இன்ஸ்பெக்டர் வந்து கேட்டுவிட்டு, இது எந்த ஊர்த் தமிழ் என்றாராம். ஒரு பெண்பிள்ளை எழும்பி, “இது எங்கட டீச்சரூட்டுத் தமிழுங்க” என்றாளாம். இன்ஸ்பெக்டர் சரி என்று எழுதிவிட்டுப் போனாராம். எஸ்தர் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முருகேசரின் கடை ஒரு கலவரத்தில் எரிந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. நானாவின் கடையில் இப்போது தைத்த சட்டை தொங்கவிட்டு விற்கிறார்கள். காஜாவுக்கும் மிஷின் வந்துவிட்டது. பிறகு கடதாசி பார்க்கிற காலம் வந்தது. தோட்டத்து ஆட்களில் யார் இந்த நாடு, யார் பாட்டன் வந்த அந்த நாடு என்று பிரித்தார்கள். எஸ்தருக்கும் அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கும் அந்த நாடு என்று வந்தது. மன்னார்ப் பக்கம் போய்க் கப்பலேறினார்கள்.

எஸ்தர் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. நல்ல கட்டடம். இரண்டு மாதத்துக்கு முன் அந்த வழியாகப் போனபோது இறங்கி, வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். இடைவேளை நேரம். பிள்ளைகள் ஓடிவந்து, “வாங்க, யாருங்க வேணும்?” என்று கேட்டார்கள். யாரும் வேண்டாம் என்றேன். “ஆமா” என்றார்கள், “சரிங்க” என்றார்கள். மணி அடிக்கும் வரை நின்று கேட்டேன். ஒரு ஓம் வரவில்லை.